இன்ஸ்டாகிராம் கொலாப் போஸ்ட்: ஒரு வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

பென்சில்ல பறவை வரைஞ்சு போடுறது தான் என் அக்கவுன்ட். ரெண்டு வருஷமா தனியா போட்டுட்டு இருந்தேன், எப்பவும் பார்க்குற அதே ஆளுங்க தான் பார்ப்பாங்க, அதே பேர் தான் லைக்ல வரும், அவங்க மேல எனக்கு பாசம் உண்டு, ஆனா புதுசா ஒருத்தர் வந்து எட்டிப் பார்க்குறதுங்கிறது மாசத்துக்கு ஒரு தடவை நடந்தா பெருசு. அப்போ தான் கொலாப் போஸ்ட் போட ஆரம்பிச்சேன். ஒரு வருஷத்துல நாலு பேரோட சேர்ந்து பதினெட்டு போஸ்ட் போட்டாச்சு. அதுல ரொம்ப சந்தோஷப்பட்டதும் இருக்கு, ராத்திரி தூக்கம் வராம கிடந்ததும் இருக்கு, ரெண்டையும் சொல்லிடுறேன், இப்போ ஆரம்பிக்கப் போறவங்களுக்கு யூஸ் ஆகும்.

தெரியாதவங்களுக்கு முதல்ல இது என்னன்னு சொல்லிடுறேன். 2021 அக்டோபர்ல இன்ஸ்டா இதை எல்லாருக்கும் கொடுத்தாங்க. ஒரு போஸ்ட்டோ ரீலோ போடும்போது டேக் பீப்பிள் உள்ள போனா இன்வைட் கொலாபரேட்டர்னு ஒண்ணு இருக்கும், அதுல கூட சேர்றவங்க அக்கவுன்ட்டை போட்டு விட்டா அவங்களுக்கு இன்வைட் போகும், அவங்க அக்செப்ட் பண்ணதும் மேல ரெண்டு பேர் பேரும் வரும், ரெண்டு பேர் ப்ரொஃபைல்லயும் அதே போஸ்ட் நிக்கும், ரெண்டு பேர் ஃபாலோயர்ஸுக்கும் போகும். இதுல முக்கியமான விஷயம், அது ஒரே போஸ்ட். காப்பி இல்ல. லைக் ஒண்ணு, வியூஸ் ஒண்ணு, கமெண்ட் எல்லாம் ஒரே இடத்துல. இதுக்கு முன்னாடி என்ன பண்ணுவோம், ஒரே படத்தை நான் ஒரு தடவை போடுவேன் அவர் ஒரு தடவை போடுவாரு, எனக்கு வந்த கமெண்ட் அவருக்குத் தெரியாது, அவர்கிட்ட கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது, ரெண்டு பக்கமும் பாதி பாதியா செத்துப் போயிடும். அந்தத் தலைவலி இதுல சுத்தமா இல்ல, அதுக்காகவே முதல் ஸ்டார் கொடுத்துடுவேன்.

ஆரம்பத்துல ஒருத்தரை மட்டும் தான் சேர்க்க முடியும், 2023 ஆகஸ்ட்ல மூணு பேர் வரைக்கும் கூப்பிடலாம்னு மாத்தினாங்க, அப்புறம் அதையும் கூட்டிட்டாங்க. நான் ஒரு தடவை மூணு பேரோட போட்டுப் பார்த்தேன், என் அபிப்பிராயம் இது தான், நிறைய பேர் சேர்ந்தா அது யாருடைய போஸ்ட்டும் இல்லாம போயிடுது. பார்க்குறவங்க மேல இருக்கற பேரை தட்டி லிஸ்ட்டை திறந்து ஒவ்வொருத்தரா யாருன்னு போய்ப் பார்க்குறதில்ல. அதோட மூணு பேருல ஒருத்தர் இன்வைட்டை கடைசி வரைக்கும் அக்செப்ட்டே பண்ணல, கேட்கவும் சங்கடமா இருந்துச்சு. அதுல இருந்து ரெண்டு பேர், அவ்வளவு தான்.

முதல் கொலாப் ஒரு பறவை ஃபோட்டோகிராஃபரோட. எனக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஃபாலோயர்ஸ். அவரோட மீன்கொத்தி ஃபோட்டோவை பார்த்து நான் வரைஞ்சேன், அவர் தான் கேட்டாரு, ஃபோட்டோவும் படமும் பக்கத்து பக்கத்துல வெச்சு போடலாமான்னு. நான் ராத்திரி பதினோரு மணிக்கு போட்டேன், இன்வைட் அனுப்பிட்டு தூங்கிட்டேன், அவர் மறுநாள் மத்தியானம் தான் பார்த்து அக்செப்ட் பண்ணாரு. அதுவரைக்கும் அது வெறும் என்னோட போஸ்ட் தான், என் ஆளுங்க பார்த்து முடிச்சு ஆறிப்போயிடுச்சு, அவர் பக்கம் போனப்போ சூடே இல்ல. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும் ஆனா இல்லவே இல்ல. அக்செப்ட் பண்ணாத வரைக்கும் அவங்க ஃபாலோயர்ஸ் கண்ணுக்கு அது போகாது. அதனால இப்போ நாங்க நேரம் பேசி வெச்சுக்குவோம், நான் போடுற அந்த நிமிஷம் அவர் கையில ஃபோன் இருக்கணும். இன்னொரு தடவை வேற ஒருத்தருக்கு இன்வைட்டே போக மாட்டேங்குது, அரை மணி நேரம் முட்டி மோதிட்டு அப்புறம் தான் தெரிஞ்சுது அவங்க யாரும் தன்னை டேக் பண்ணக் கூடாதுன்னு செட்டிங் வெச்சிருந்தாங்க. போடுறதுக்கு முந்தின நாளே இதை செக் பண்ணச் சொல்லிடுங்க.

ரெண்டாவது தடவை ரீல். அவர் தண்ணி ஓரம் உக்காந்து எடுத்த வீடியோ, நடுவுல என் கை வரையறது, கடைசியில ரெண்டு பறவையும் ஒண்ணு மேல ஒண்ணு வந்து நிக்கும். எடிட்டிங் தெரிஞ்சவர் அவர் தான், அதனால அவர் அக்கவுன்ட்ல இருந்தே போட்டாரு, நான் அக்செப்ட் பண்ணேன். அது வரைக்கும் என் வாழ்க்கையில பார்க்காத கூட்டம் வந்துச்சு. நம்பரை விட எனக்குப் பெருசா தெரிஞ்சது கமெண்ட்ஸ் தான். ஃபோட்டோ பார்க்க வந்தவங்க படத்தை பத்தி கேட்டாங்க, இறக்கைக்கு எந்த பென்சில்னு ஒருத்தர், கண்ணுல அந்த வெளிச்சப் புள்ளியை அழிச்சு எடுத்தீங்களா இல்ல விட்டு வரைஞ்சீங்களான்னு ஒருத்தர். என் பக்கத்து ஆளுங்க அவர்கிட்ட போய் எவ்வளவு நேரம் காத்திருந்தீங்கன்னு கேட்டாங்க. ஒரு அம்மா எழுதியிருந்தாங்க, அவங்க அப்பா கடைசி காலத்துல ஜன்னல் வழியா தினமும் ஒரு மீன்கொத்தியை பார்த்துட்டே இருப்பாராம், இந்த வீடியோவை எடுத்து வெச்சுக்குறேன்னு. அதுக்கு நாங்க ரெண்டு பேரும் பதில் எழுதினோம், அதுக்கு கீழ முன்னப்பின்ன தெரியாதவங்க எல்லாம் வந்து அவங்க அப்பா பத்தி எழுதினாங்க. ஒரே கமெண்ட் பாக்ஸ்ல ரெண்டு வீட்டு ஆளுங்க கலந்து உக்காந்து பேசுற மாதிரி. இது தான் கொலாப்போட நிஜமான பலம்னு நான் நம்புறேன், எத்தனை பேரை போய்ச் சேருதுங்கிற ரீச் எல்லாம் அதுக்கு அப்புறம் தான்.

ரீச்னு சொன்னதும் ஞாபகம் வருது, இதை எல்லாரும் தப்பா அளக்குறாங்க. வியூஸை பார்த்து துள்ளாதீங்க. இன்சைட்ஸ்னு போஸ்ட்டோட கணக்கு காட்டுற இடம் இருக்கு, அதுக்குள்ள போனா அந்த போஸ்ட்டை பார்த்தவங்கள்ல ஃபாலோயர் எவ்வளவு, ஃபாலோ பண்ணாதவங்க எவ்வளவு, அதுல இருந்து ப்ரொஃபைலுக்கு வந்தவங்க எத்தனை, ஃபாலோ பண்ணவங்க எத்தனைன்னு காட்டும். ஆடியன்ஸ் வளருதான்னு தெரியணும்னா நீங்க பார்க்க வேண்டியது அந்த கடைசி ரெண்டு தான். இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில சொன்னது, ரீச்சுக்கு ரொம்ப முக்கியமான விஷயங்கள்ல மூணு, எவ்வளவு நேரம் பார்க்குறாங்க, பார்த்தவங்கள்ல எத்தனை பேர் லைக் பண்றாங்க, எத்தனை பேர் இன்னொருத்தருக்கு அனுப்புறாங்க. இதை கொலாப்போட சேர்த்து யோசிச்சுப் பாருங்க. உங்க கூட சேர்றவரோட ஆளுங்களுக்கு உங்க விஷயத்துல துளியும் விருப்பம் இல்லன்னா, அவங்க ஃபீட்ல அது வந்து விழும், ஒரு செகண்ட் பார்த்துட்டு தள்ளிவிட்டுப் போயிடுவாங்க, அப்போ பார்க்குற நேரமும் குறையுது லைக் விகிதமும் குறையுது, நீங்க தனியா போட்டிருந்தா நல்லா ஓடியிருக்க வேண்டிய போஸ்ட்டுக்கு நீங்களே பாரம் ஏத்தின மாதிரி. பெரிய அக்கவுன்ட் கூட சேர்ந்தா நல்லதுன்னு கண்ணை மூடிட்டு சொல்றவங்க இதை யோசிக்கிறதில்ல.

நானும் அந்த தப்பை பண்ணேன். படங்களை எடுத்து எடுத்து போடுற ஒரு பெரிய பேஜ், டிஎம்ல, அதாவது தனி மெசேஜ்ல வந்து உங்க ஆந்தை ரொம்ப நல்லா இருக்கு, எங்களுக்கு கொலாப் இன்வைட் அனுப்புங்கன்னு கேட்டாங்க. எனக்கு கை நடுங்கிடுச்சு சந்தோஷத்துல. அனுப்பினேன், அக்செப்ட் பண்ணாங்க, வியூஸ் மளமளன்னு ஏறுச்சு, ரெண்டு நாள் ஃபோனை கீழ வைக்கல. ஒரு வாரம் கழிச்சு பார்த்தா ப்ரொஃபைலுக்கு வந்தவங்க ரொம்ப கொஞ்சம், ஃபாலோ பண்ணவங்க அதை விட கொஞ்சம், கமெண்ட் பூரா தீ எமோஜி. அந்த பேஜ்ல தினமும் பத்து படம் ஓடும், என் ஆந்தை அதுல பதினோராவது, யார் வரைஞ்சாங்கன்னு தேடுற பழக்கமே அங்க வர்றவங்களுக்கு இல்ல. கொஞ்ச நாள்ல ஷேரிங்கை நிறுத்திட்டாங்க, அதாவது அவங்க ப்ரொஃபைல்ல இருந்து எடுத்துட்டாங்க, அந்த உரிமை கூட சேர்ந்தவங்களுக்கு உண்டு, போஸ்ட் என் பக்கத்துல அப்படியே தான் இருந்துச்சு. அடுத்த தடவை அதே மாதிரி இன்னொரு பேஜ் வந்து அக்செப்ட் பண்ண காசு கேட்டாங்க. கொடுக்கல. கொடுக்காதீங்கன்னு தான் உங்களுக்கும் சொல்வேன், அப்படி காசு கைமாறி போடுற போஸ்ட்னா அதை மறைக்காம சொல்லணும், அதுக்கு பெய்ட் பார்ட்னர்ஷிப் லேபிள்னு தனியாவே இருக்கு, கொலாப்ல ரெண்டு பேர் வர்றது அதுக்கு பதில் ஆகாது.

இந்த மாதிரி பேஜ் எல்லாம் ஏன் திடீர்னு நம்மள மாதிரி சின்னவங்க கிட்ட இன்வைட் கேக்குறாங்கன்னு யோசிச்சேன். 2024 ஏப்ரல் கடைசியில இன்ஸ்டா ஒரு மாற்றம் அறிவிச்சாங்க, அடுத்தவங்க உருவாக்கினதை அப்படியே எடுத்து 30 நாள்ல 10 தடவையோ அதுக்கு மேலயோ போடுற அக்கவுன்ட்டை ரெகமண்டேஷன்ல, அதாவது ஃபாலோ பண்ணாதவங்களுக்கு இன்ஸ்டாவே எடுத்துக் காட்டுற இடத்துல, காட்ட மாட்டோம்னு. முன்னாடி கேக்காமலே டவுன்லோட் பண்ணி போட்டவங்க இப்போ கொலாப் வழியா வர்றாங்கன்னு எனக்குத் தோணுது. கேட்டு போடுறது நல்லது தான், வரைஞ்சவங்க பேர் மேல வருது, அதுல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா உங்களுக்கு அவங்க தேவைப்படுற அளவுக்கு அவங்களுக்கும் நீங்க தேவைன்னு தெரிஞ்சுக்கிட்டு பேசுங்க.

எனக்கு நிஜமா வளர்ச்சி வந்தது ஒரு அக்கா மூலமா. அவங்க பறவைகளோட குரல் பத்தி எழுதுவாங்க, ஒவ்வொரு பறவை ஏன் விடியகாலை கத்துது, எது எதைப் பார்த்து எச்சரிக்கை கொடுக்குது, இப்படி. என்னை விட கம்மி ஃபாலோயர்ஸ். நான் தான் முதல்ல டிஎம் பண்ணேன், அக்கா உங்க குயில் பதிவுக்கு ஒரு படம் வரைஞ்சு தரட்டுமான்னு. தம்பி நானே கேக்கலாம்னு தயங்கிட்டு இருந்தேன்னு பதில் வந்துச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு தொடரா போட்டோம், முதல் ஸ்லைட் என் படம், அடுத்த நாலஞ்சு ஸ்லைட் அவங்க எழுத்து. எதுவும் வெடிச்சு ஓடல. ஆனா ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஆளுங்க வந்தாங்க, வந்தவங்க போகல. அவங்க எழுத்தைப் படிக்கிறவங்க நிதானமா உக்காந்து படிக்கிற ஆளுங்க, அதனால என் படத்தையும் நிதானமா பார்த்தாங்க, அடுத்தவங்களுக்கு அனுப்பினாங்க. ஒரே அளவு அக்கவுன்ட்டா இருக்கணும்னு கூட இல்ல, ஒரே மாதிரி பார்வை உள்ள ஆடியன்ஸா இருக்கணும், நான் கத்துக்கிட்டது அது தான்.

இன்னொண்ணு, புதுசா வர்றவங்க உங்க ப்ரொஃபைல்ல என்ன பார்ப்பாங்கன்னு முன்னாடியே ஒழுங்கு பண்ணுங்க. கொலாப் பார்த்துட்டு பறவை படம் இருக்கும்னு ஆசையா வர்றாங்க, மேல நாலு போஸ்ட் நீங்க போன கல்யாண ஃபோட்டோவா இருந்தா திரும்பிப் போயிடுவாங்க, அவங்க மேல தப்பில்ல. ப்ரொஃபைல்ல மூணு போஸ்ட்டை மேலயே நிக்கிற மாதிரி பின் பண்ணலாம், ஒவ்வொரு கொலாப்புக்கும் முந்தின நாள் நான் அதை மாத்தி வெச்சுடுவேன், அதுல ஒண்ணு கண்டிப்பா வரையுற முறையை காட்டுற ரீல். அப்புறம் முதல் ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் கமெண்ட்ல உக்காந்து பதில் சொல்லணும். அக்காகிட்ட கேட்ட கேள்விக்கு அக்கா பதில் சொல்லி முடிச்சதும் நான் அதுல ஒரு வரி சேர்ப்பேன், என்கிட்ட கேட்டதுக்கு அவங்க சேர்ப்பாங்க. அப்படித்தான் அவங்க ஆளுங்களுக்கு என் பேர் பழகுச்சு.

இப்போ அந்த தூக்கம் போன கதை. மீன்கொத்தி ரீல் சொன்னேன்ல, அது ஃபோட்டோகிராஃபர் அக்கவுன்ட்ல இருந்து போட்டது. நாலு மாசம் கழிச்சு ஒருத்தருக்கு அனுப்பலாம்னு என் ப்ரொஃபைல்ல தேடுறேன், காணோம். என்னவோ ஆப்ல பிரச்சினைன்னு நினைச்சு லாகவுட் பண்ணி லாகின் பண்ணிப் பார்த்தேன். இல்ல. அவர்கிட்ட கேட்டா, ப்ரோ நான் கருப்பு வெள்ளை மட்டும் போடப் போறேன், அதுக்காக பழைய கலர் போஸ்ட் எல்லாம் மொத்தமா டெலீட் பண்ணிட்டேன், உங்க பக்கத்துல இருக்கும்னு தான் நினைச்சேன்னாரு. அவர் மேல கோவமே வரல, அவரும் பதறிட்டாரு. டெலீட் பண்ணது ரீசன்ட்லி டெலீட்டட்ல 30 நாள் இருக்கும், அதுக்குள்ள எடுத்தா திரும்ப வந்துடும், ஆனா அவர் அழிச்சு ரெண்டு மாசம் ஆயிருச்சு. வீடியோ ஃபைல் அவர்கிட்ட இருந்துச்சு. கமெண்ட்ஸ் போனது போனது தான். அந்த அம்மா எழுதினது, கீழ அத்தனை பேர் அவங்க அவங்க அப்பாவை பத்தி எழுதினது, ஒண்ணு கூட இல்ல.

அது தான் இந்த ஃபீச்சர்ல நீங்க முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டியது. ரெண்டு பேர் பேர் பக்கத்து பக்கத்துல சமமா தெரியும், ஆனா போஸ்ட்டுக்கு சொந்தக்காரர் அப்லோட் பண்ணவர் ஒருத்தர் தான். அவர் அழிச்சா எல்லார் பக்கத்துல இருந்தும் போயிடும். அவர் நினைச்சா உங்க பேரை எடுத்து விடலாம். கேப்ஷன்ல எழுத்துப்பிழை இருந்தா கூட உங்களால திருத்த முடியாது, அவர்கிட்ட தான் சொல்லணும். உங்களால முடிஞ்சது ஷேர் பண்றதை நிறுத்திக்கிறது மட்டும். இது தெரியாம பல பேர் தன்னோட நல்ல வேலையை எல்லாம் அடுத்தவங்க அக்கவுன்ட்ல இருந்து போட விடுறாங்க, அவங்களுக்கு ஃபாலோயர்ஸ் ஜாஸ்தின்னு. யார் அக்கவுன்ட்ல இருந்து போட்டாலும் அக்செப்ட் பண்ணதும் ரெண்டு பேர் ஆளுங்களுக்கும் தானே போகுது, அப்புறம் எதுக்கு விட்டுக் கொடுக்கணும்?

இப்போ நான் என்ன பண்றேன்னா, யாரோட சேர்ந்தாலும் போடுறதுக்கு முன்னாடி பேசிடுறேன். யார் அப்லோட் பண்றது, எவ்வளவு நாள் இருக்கும், அழிக்கிறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லணும், கேப்ஷன் ரெண்டு பேரும் படிச்சு ஓகே சொன்னதுக்கப்புறம் தான் போகணும், முடிச்ச ஃபைல் ரெண்டு பேர்கிட்டயும் இருக்கணும். இதைக் கேட்டா தப்பா நினைப்பாங்களோன்னு முதல்ல பயமா இருந்துச்சு, யாரும் நினைக்கல. அக்கா தொடர்ல ஒரு போஸ்ட் என் பக்கத்துல இருந்து போனா அடுத்தது அவங்க பக்கத்துல இருந்து, மாத்தி மாத்தி. நல்ல கமெண்ட் வந்தா அன்னைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுடுறேன்.

இன்ஸ்டாகிட்ட கேக்குறதுன்னா, சொந்தக்காரர் டெலீட் பண்ணும்போது கூட இருக்கறவங்களுக்கு ஒரு நோட்டிஃபிகேஷன் கொடுங்க, அந்த 30 நாளுக்குள்ள நாங்க பேசி திரும்ப எடுத்துக்குவோம், எனக்கு அப்படி ஒண்ணு வந்திருந்தா அந்த ரீல் இன்னைக்கும் இருந்திருக்கும். ஸ்டோரிக்கும் இதே மாதிரி கொலாப் வந்தா நல்லா இருக்கும், இப்போ மென்ஷன் பண்ணி அவங்க திரும்ப ஷேர் பண்றதோட நிக்குது. அப்புறம் இது நிரந்தரம்னும் நினைக்க வேணாம். ட்விட்டர்ல 2022 ஜூலையில இதே மாதிரி கோட்வீட்ஸ்னு சோதனையா விட்டாங்க, 2023 ஜனவரி 31 அன்னைக்கு மூடிட்டாங்க. அதனால தான் கொலாப்ல வந்தவங்களை அந்த ஒரு போஸ்ட்லயே விடாம என் சொந்த போஸ்ட் பக்கம் கொண்டு வர்றதுல இவ்வளவு கவனமா இருக்கேன்.

அஞ்சுக்கு நாலு கொடுக்குறேன். அந்த ஒரு ஸ்டார் குறைஞ்சது மீன்கொத்திக்காக.

ஃபோட்டோகிராஃபர் போன வாரம் கருப்பு வெள்ளையில ஒரு ஆந்தை அனுப்பியிருக்காரு, இறகு ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுது, பென்சிலுக்குன்னே எடுத்த மாதிரி. பாதி வரைஞ்சாச்சு. அப்லோட் யார் பண்றதுன்னு நான் ஆரம்பிக்கிறதுக்குள்ள அவரே சொல்லிட்டாரு, ப்ரோ இது உங்க பக்கத்துல இருந்து போகட்டும், ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு நான் ஃபோனோட உக்காந்திருப்பேன்னு.